பட்டறைகளை ஊருக்கு வெளியே அனுப்பாதீர்கள்: சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழும உறுப்பினர்களுக்கும் திட்டப் பிரிவு அலுவலர்களுக்கும்,

வணக்கம்.

சென்னைக்கான மூன்றாவது முழுமைத் திட்டத்தைத் தயாரித்துக்கொண்டிருக்கிறீர்கள். 2008இல் அறிவிக்கப்பட்ட இரண்டாவது திட்டத்தின் காலம் 2026உடன் முடிகிறது. அடுத்து வருவது 2046 வரை இந்த ஊரின் ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் தலையெழுத்து. அதில் ஒன்றைக் கேட்டுத்தான் இந்த மடலை எழுதுகிறேன். கிண்டி, அம்பத்தூர் தொழிற்பேட்டைகளையும் அவற்றைச் சுற்றியுள்ள பட்டறைத் தெருக்களையும் தொழிலுக்கென்றே காப்பாற்றி வையுங்கள். பசுமை நகரம் என்ற பெயரில் அவற்றை வெளியே அனுப்பிவிடாதீர்கள். அப்படி அனுப்பிவிட்ட ஊர்களில் படித்துவிட்டு வந்திருக்கிறேன். போன தொழிலைத் திரும்பக் கூப்பிட அவை இன்று படும் பாட்டைப் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

நான் அம்பத்தூரில் வளர்ந்தவள். அப்பா லேத் பட்டறை வைத்திருக்கிறார். பெரிய கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் செய்து கொடுக்கும் சிறிய ஷெட். மெக்கானிக்கல் முடித்துவிட்டு நகரியல் முதுகலை படிக்க ஐரோப்பா போனேன். பிரஸ்ஸல்ஸ், வியன்னா, கோபன்ஹேகன், மாட்ரிட் என்று நான்கு ஊர்களில் மாறி மாறி நடக்கும் இரண்டாண்டுப் படிப்பு. சைக்கிள் பாதை, மாடித் தோட்டம், டிராம் என்று படிக்கப் போகிறோம் என்றுதான் வகுப்பில் எல்லோரும் வந்திருந்தோம். அதெல்லாம் பாடத்தில் இருந்தது. ஆனால் எங்கள் ஆசிரியர்கள் திரும்பத் திரும்பப் பேசியது வேறொன்றைப் பற்றி: ஒரு நகரம் தனக்கு வேண்டிய பொருளைத் தானே செய்வதும், பழுது பார்ப்பதும், பிரித்துத் திரும்பப் பயன்படுத்துவதும் நின்று போனால் என்ன ஆகும் என்பதை.

பிரஸ்ஸல்ஸிலிருந்து தொடங்குகிறேன். அந்த ஊரின் நடுவே ஒரு கால்வாய் ஓடுகிறது. சார்லெருவா நிலக்கரிச் சுரங்கங்களிலிருந்து நகரத்துக்குக் கரி கொண்டுவர 1832இல் திறந்த கால்வாய். அதன் கரையில் ஆலைகள் முளைத்தன. மோலன்பேக் என்ற பகுதிக்கு ‘குட்டி மான்செஸ்டர்’ என்றே பெயர் வந்தது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் அவை ஒவ்வொன்றாக மூடின. கிடங்குகள் சொகுசுக் குடியிருப்புகளாயின. நகரத்தை ஒட்டியிருந்த வில்வோர்டெ ரெனோ கார் ஆலை 1997இல் மூடியபோது 3,000 பேருக்கு மேல் வேலை இழந்தார்கள். ஆலை போன பிறகு வந்தது அலுவலகம். ஐரோப்பிய ஒன்றியம், நேட்டோ, வங்கிகள் என்று வேலைக்கு அந்த ஊரில் குறைவே இல்லை. ஆனால் அந்த வேலைகளில் கிட்டத்தட்டப் பாதியை வெளியூரிலிருந்து தினமும் ரயிலிலும் காரிலும் வருபவர்கள் செய்கிறார்கள். கால்வாய்க் கரையில் குடியிருக்கும் மொராக்கோ, துருக்கி வம்சாவளி இளைஞர்களுக்கு அங்கே இடமில்லை. பட்டமும் இரண்டு மூன்று மொழிகளும் இருந்தால்தான் உள்ளே விடுவார்கள். அவர்களுடைய அப்பாக்களுக்கு வேலை கொடுத்த ஆலை இருந்த இடத்தில் இப்போது கண்ணாடி பால்கனி.

இதைச் சரிசெய்ய பிரஸ்ஸல்ஸ் 2013இல் நிலப்பயன் சட்டத்தில் ஒரு புதிய வகையைச் சேர்த்தது. பழைய தொழில் நிலத்தில் வீடு கட்டலாம், ஆனால் கீழே உற்பத்திக்கு இடம் ஒதுக்க வேண்டும். கேட்பதற்கு நன்றாக இருக்கிறது. நடந்தது என்ன என்று பார்க்கத்தான் எங்களை ஆண்டர்லெக்ட் பகுதிக்கு வரைபடமும் அளவு நாடாவும் கொடுத்து அனுப்பினார்கள். ஒவ்வொரு கட்டடத்திலும் கதவின் அகலம், கூரையின் உயரம், லாரி பின்வாங்க இடம் இருக்கிறதா, தரை எவ்வளவு பாரம் தாங்கும், த்ரீ பேஸ் மின்சாரம் வருகிறதா, சரக்கு இறக்கும் நேரத்தில் மேலே குழந்தைகளின் படுக்கையறை ஜன்னல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று குறித்துக்கொண்டே போக வேண்டும். புதுக் கட்டடங்கள் சிலவற்றில் கீழ்த்தளம் பூட்டிக் கிடந்தது. காரணம் அளவு நாடாவிலேயே தெரிந்தது. கூரை தாழ்வு. நடுவில் நான்கு தூண்கள். லாரி திரும்ப முடியாத வாசல். வீடுகளை விற்று முடித்த கட்டுமானக்காரருக்கு அந்தக் கீழ்த்தளத்தைப் பற்றிக் கவலை இல்லை. கொஞ்ச காலம் காலியாகக் கிடந்தால் ‘உற்பத்திக்கு யாரும் வரவில்லை, கடை வைக்க அனுமதி கொடுங்கள்’ என்று கேட்டுவிடலாம்.

சற்றுத் தள்ளி, அரசு நிறுவனமான சிட்டிதேவ் கட்டிய இடங்கள் வேறு மாதிரி இருந்தன. சிட்டிதேவ் 1974இல் தொடங்கப்பட்டது. உங்கள் குழுமம் சட்டப்படியான அமைப்பாக ஆனதும் அதே ஆண்டில்தான். அவர்களுடைய வேலை நிலத்தை வாங்கி வைத்து, நீண்ட காலக் குத்தகைக்குத் தொழில்களுக்குக் கொடுப்பது. குத்தகை ஒப்பந்தத்திலேயே அங்கே என்ன செய்யலாம் என்று எழுதியிருக்கும். நிலம் பொதுக் கையில் இருப்பதால், ஒரு பட்டறை மூடினால் அடுத்த பட்டறைதான் வரும். ஊக வியாபாரத்துக்கு வழி இல்லை. எனக்கு அங்கே பிடித்த விஷயம் கட்டட வடிவமைப்பைவிட அந்தக் குத்தகைப் பத்திரம்தான். கட்டடத்தை எப்படி வேண்டுமானாலும் வரையலாம். நிலத்தின் விலை பட்டறைக்காரருக்கு எட்டாமல் போய்விட்டால் அந்த வரைபடத்தால் ஒன்றும் செய்ய முடியாது.

கால்வாயின் வெர்கோட் துறையில் ரெடிமிக்ஸ் கான்கிரீட் ஆலை இருக்கிறது. எதிரிலேயே புதுப்பித்த கிடங்குகளும் பூங்காவும் குடியிருப்புகளும். ‘இந்த அழகான இடத்தில் இது எதற்கு’ என்று வகுப்பில் ஒரு தோழி கேட்டாள். துறைமுக அலுவலர் ஒருவர் பொறுமையாக விளக்கினார். கலந்த கான்கிரீட்டை ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்குள் கொட்டியாக வேண்டும், இல்லையென்றால் இறுகத் தொடங்கிவிடும். மணலும் ஜல்லியும் படகில் வருகின்றன. ஒரு படகு ஏற்றி வருவதைச் சாலையில் கொண்டுவரப் பல பத்து லாரிகள் வேண்டும். இந்த ஆலையை ஊருக்கு வெளியே தள்ளினால் படகு போய் லாரி வரும். ஒவ்வொரு மிக்சர் வண்டியும் நெரிசலில் நின்று புகை விட்டபடியே நகருக்குள் நுழையும். நகரம் கட்டிக்கொண்டேதான் இருக்கும், கான்கிரீட் அதற்குத் தேவைப்பட்டுக்கொண்டேதான் இருக்கும். ஆலையை நகர்த்தினால் தூசி கண்ணிலிருந்து மறையும், நுரையீரலிலிருந்து மறையாது என்று அவர் சொன்னதை அப்படியே குறித்து வைத்திருக்கிறேன்.

ஆண்டர்லெக்ட் இறைச்சிச் சந்தையைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1890இல் கட்டிய வார்ப்பிரும்புக் கூடம், வாசலில் இரண்டு வெண்கலக் காளைகள். வார இறுதியில் ஊரின் ஏழை எளியவர்கள் அத்தனை பேரும் அங்கேதான் காய்கறி வாங்குகிறார்கள். அதன் வளாகத்தில் 2015இல் புதிதாக ஓர் இறைச்சி, உணவுச் சந்தைக் கட்டடம் எழுந்தது. 2018இல் அதன் மொட்டை மாடியில் பசுமைக்குடிலும் மீன் தொட்டிகளும் அமைத்தார்கள். கீழே இறைச்சிக் கடைகளின் குளிர் அறைகள் வெளியே தள்ளும் சூடு, மேலே தக்காளிச் செடிக்குக் கதகதப்பாகப் போகிறது. மீன் தொட்டித் தண்ணீர் செடிக்கு உரமாகிறது. பளபளப்பான பத்திரிகைகளில் அந்தத் தோட்டத்தின் படம் மட்டும் வரும். அதற்கு அடியில் கறி வெட்டும் ஆட்கள் இருப்பதால்தான் அந்தத் தோட்டத்துக்குச் சூடு கிடைக்கிறது என்பது படத்தில் தெரியாது. மாட்ரிட்டிலும் ஒரு பெரிய பழைய இறைச்சிக்கூடம் உண்டு, மத்ததெரோ. 1996இல் மூடினார்கள், இன்று அருமையான கலை மையம். நான் அங்கே நாடகம் பார்த்திருக்கிறேன், நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அங்கே வேலை செய்தவர்களுக்கு நாடகம் சம்பளம் கொடுக்காது.

வியன்னாவில் விஷயம் இன்னும் தெளிவாக இருந்தது. ஹெர்னால்ஸ் பகுதியில் நெருக்கமான குடியிருப்புகளுக்கு நடுவே மானர் வேஃபர் பிஸ்கட் தொழிற்சாலை இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து அந்தப் பகுதியிலேயே இருக்கும் கம்பெனி. தெருவில் நடந்தால் ஹேசல்நட்டும் கோகோவும் சேர்ந்த மணம் வரும். பக்கவாட்டில் விரிய இடமில்லாததால் மாடி மாடியாக உற்பத்தி. 2016 முதல் அதன் அடுப்புகளின் கழிவு வெப்பம் பக்கத்து வீடுகளுக்குக் குழாயில் போகிறது. ஹெர்னால்ஸிலும் ஒட்டாக்ரிங்கிலும் சுமார் 600 வீடுகளும் நிறுவனங்களும் அதில்தான் அறையைச் சூடாக்கிக்கொள்கின்றன, வெந்நீர் வைத்துக்கொள்கின்றன. இதே தொழிற்சாலை புறநகரில் இருந்திருந்தால் அந்தச் சூடு புகைபோக்கி வழியாக வானத்துக்குப் போயிருக்கும். வெப்பத்தைக் குழாயில் ரொம்ப தூரம் கொண்டுபோனால் வழியிலேயே வீணாகும், செலவும் கட்டுப்படியாகாது. பக்கத்தில் இருப்பதால்தான் இது சாத்தியம்.

அதற்கு அடுத்த ஆண்டு, 2017இல், வியன்னா நகராட்சி ‘உற்பத்தி நகரம்’ என்ற பெயரில் ஒரு கொள்கைத் திட்டத்தை வெளியிட்டது. நகரப் பரப்பில் ஏறத்தாழ 5 சதவீதத்தைத் தொழிலுக்கென்று வரைபடத்தில் குறித்து, எங்கே தொழில் மட்டும், எங்கே தொழிலும் வீடும் கலந்து என்று பிரித்துச் சொன்னது. மக்கள்தொகை வேகமாகக் கூடிக்கொண்டிருந்த ஊர் அது. வீடு கட்ட நிலம் கேட்டு எல்லாப் பக்கமும் நெருக்கடி. அந்த நெருக்கடியிலும் இவ்வளவு நிலம் தொழிலுக்கு என்று எழுதி வைத்தார்கள். அந்தத் துணிச்சல்தான் என்னை இந்த மடல் எழுத வைத்தது என்று சொல்லலாம்.

லண்டன் அப்படிச் செய்யவில்லை. 2001க்கும் 2015க்கும் இடையில் 1,300 ஹெக்டேருக்கும் அதிகமான தொழில் நிலம் அங்கே வேறு பயன்பாட்டுக்குப் போய்விட்டது. இப்போது அங்கே பேக்கரிக்கும் பார்சல் கிடங்குக்கும் பழுது பார்க்கும் பட்டறைக்கும் இடம் கிடைப்பது பெரும்பாடு.

கோபன்ஹேகனைப் பற்றி எழுதும்போது எனக்குக் கொஞ்சம் கோபம் வரும். உலகமே மாதிரி நகரம் என்று கொண்டாடும் ஊர். நானும் அங்கே மகிழ்ச்சியாகத்தான் சைக்கிள் ஓட்டினேன். 2025க்குள் கார்பன் சமநிலையை எட்டும் உலகின் முதல் தலைநகரம் ஆவோம் என்று அறிவித்தார்கள். 2022இல், முடியாது என்று ஒப்புக்கொண்டார்கள். குப்பையை எரித்து மின்சாரமும் வெப்பமும் எடுக்கும் அமாகர் பக்கே ஆலையில் கார்பனைப் பிடித்து வைக்கும் திட்டத்துக்குப் பணம் கிடைக்கவில்லை. அதை நான் குறை சொல்ல மாட்டேன். பெரிய இலக்கு வைத்தால் தவறத்தான் செய்யும். என் வருத்தம் கணக்கிலேயே இருக்கிறது. அந்த இலக்கு முக்கியமாகக் கணக்கிட்டது நகரத்துக்குள் எரிவதையும், நகரம் வாங்கும் மின்சாரத்தையும் வெப்பத்தையும்தான். அந்த ஊர் மக்கள் உடுத்தும் சட்டையைச் செய்ய எங்கோ எரிந்தது அந்த இலக்கில் இல்லை. கார்ல்ஸ்பெர்க் பீர் ஆலை 2008இல் நகரத்தின் வால்பி பகுதியிலிருந்து சுமார் 200 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஃபிரெடெரிசியாவுக்குப் போய்விட்டது. பழைய ஆலை இருந்த இடம் இப்போது அழகான குடியிருப்பு. நகரத்தின் புகைக் கணக்கிலிருந்து ஓர் ஆலை கழிந்தது. பீர் குடிப்பது குறைந்ததா என்றால் இல்லை, அது லாரியில் வருகிறது.

சட்டை என்று சொன்னேன். அது எங்கே தைக்கப்படுகிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கோபன்ஹேகன் கடைகளில் டி-ஷர்ட்டின் கழுத்துப் பட்டியைத் திருப்பிப் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. இந்தியா என்று போட்டிருந்தால் திருப்பூராகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். நொய்யலில் சாயக் கழிவு ஓடி, விவசாயிகள் வழக்குப் போட்டு, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப் பட்டறைகளை மூட உத்தரவிட்டதை வகுப்பில் நான்தான் எடுத்துச் சொன்னேன். அந்தப் பசுமை நகரங்களின் கணக்கில் நொய்யல் எந்தப் பத்தியில் வருகிறது என்று கேட்டேன். ஆசிரியர் அந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்கவில்லை. அடுத்த வகுப்பு முழுவதும் அதைப் பற்றியே நடந்தது. எல்லைக்கு வெளியே தள்ளிவிட்டுச் சுத்தம் என்று சொல்லிக்கொள்வதை அங்கேயே பலர் இப்போது கேள்வி கேட்கிறார்கள். அவர்கள் சந்தேகப்படத் தொடங்கிவிட்ட மாதிரியை நாம் புதிதாக இறக்குமதி செய்ய வேண்டாம் என்பதுதான் என் வேண்டுகோள்.

இனி நம் ஊருக்கு வருகிறேன்.

பெரம்பூர் பின்னி மில் 1996இல் மூடியது. இன்று அங்கே அடுக்குமாடிகள். 1958இல் தொடங்கிய கிண்டித் தொழிற்பேட்டைக்குள் ஐ.டி. கட்டடங்கள் வந்து வருடங்களாகின்றன. அம்பத்தூரிலும் அதே வேலை நடக்கிறது. எங்கள் தெருவில் பவுடர் கோட்டிங் (உலோகத்தில் பொடியாகப் பூசிச் சூட்டில் இறுக்கும் பெயிண்ட் வேலை) செய்துகொண்டிருந்தவர் ஷெட்டை விற்றுவிட்டுத் திருமழிசைப் பக்கம் போனார். அவரிடம் வேலை பார்த்த பெண்கள் போகவில்லை. போக முடியாது, பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவிட்டு நடந்து வந்து வேலை செய்தவர்கள் அவர்கள். அப்பாவின் பட்டறையிலிருந்து பீஸ் முன்பெல்லாம் டி.வி.எஸ். 50இல் கோட்டிங்குக்குப் போய் மதியத்துக்குள் திரும்பிவிடும். இப்போது டாடா ஏஸ் பேசி, இன்னும் நாலு பட்டறைகளின் லோடு சேரும்வரை காத்திருந்து, மறுநாள்தான் வருகிறது. எவ்வளவு டீசல், எவ்வளவு நேரம் என்று யோசித்துப் பாருங்கள். ஒரு பட்டறை நகர்ந்தால் அதோடு சேர்ந்து இயங்கும் பத்துப் பட்டறைகளுக்கும் நடை கூடுகிறது. லேத், மில்லிங், ஹீட் ட்ரீட்மென்ட், கிரைண்டிங், பிளேட்டிங் எல்லாம் கூப்பிடு தூரத்தில் இருப்பதுதான் அம்பத்தூரின் பலம். அதைத் திட்டமிட்டு உருவாக்க எந்த அரசாலும் சுலபத்தில் முடியாது. கலைப்பது மட்டும் சுலபம்.

‘பெரிய ஆலைகள்தான் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் என்று வந்துவிட்டனவே’ என்று நீங்கள் சொல்லலாம். பெரிய ஆலை வரட்டும். ஆனால் அதன் தலைவிதி நம் கையில் இல்லை. பிரஸ்ஸல்ஸின் ஆகப் பெரிய தொழிற்சாலையாக இருந்த ஆடி கார் ஆலை 2025 பிப்ரவரியில் மூடப்பட்டது. 1949இலிருந்து கார் செய்துவந்த இடம், சுமார் 3,000 பேரின் வேலை. முடிவு எடுத்தது ஜெர்மனியில். நமக்கு இது புதிதில்லை. மறைமலை நகர் ஃபோர்டு ஆலை 2022இல் உற்பத்தியை நிறுத்தியபோது பார்த்தோம். அப்போது வேலை இழந்தவர்கள் எங்கே போனார்கள்? கையில் தொழில் தெரிந்தவர்களில் சிலர் அம்பத்தூர் பக்கம் வந்து வேலை தேடினார்கள். என் அப்பாவிடமே ஒருவர் சேர்ந்தார்.

வட சென்னை மக்கள் இந்த மடலைப் படித்தால் என்மேல் கோபப்படுவார்கள் என்று தெரியும். அவர்களுடைய கோபம் நியாயமானது. மணலியிலும் எண்ணூரிலும் தொழிற்சாலைக்குப் பக்கத்தில் வாழ்வது என்றால் என்ன என்பதை 2023 டிசம்பர் காட்டியது. வெள்ளத்தோடு எண்ணெய் வந்து எண்ணூர்க் கழிமுகத்தில் படிந்தது, அதே மாதம் அமோனியா கசிந்து நள்ளிரவில் ஊரைவிட்டு ஓடினார்கள். அதை நியாயப்படுத்த நான் இங்கே ஒரு வரிகூட எழுதவில்லை. சுத்திகரிப்பு ஆலையையும் உர ஆலையையும் வீட்டுப் பக்கத்தில் வைக்கச் சொல்லவில்லை. நான் கேட்பது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மாசு குறைந்தவை என்று பச்சை, வெள்ளை நிறங்களில் வகைப்படுத்தும் தொழில்களுக்கு. சத்தம், தூசிக் கட்டுப்பாட்டோடு, நடுத்தர மாசு வகையான ஆரஞ்சில் ஒரு பகுதிக்கு. தையல், அச்சு, மரவேலை, லேத், அட்டைப் பெட்டி, மின்சாதனப் பழுது, உணவு பதப்படுத்துதல். வியன்னாவும் இப்படித்தான் பிரிக்கிறது. சிமெண்ட் ஆலைக்குப் பக்கத்தில் யாரும் அங்கே வீடு கட்டுவதில்லை. நம்மிடம் ஒன்று, எல்லாம் கலந்து கிடக்கிறது, அல்லது எல்லாவற்றையும் ஒரேயடியாக வெளியே தள்ளுகிறோம். மணலிக்கு வேண்டியது கடுமையான கண்காணிப்பும் இடைவெளியும். அம்பத்தூருக்கு வேண்டியது பாதுகாப்பு. இரண்டையும் ஒரே நிறத்தில் வரைபடத்தில் பூசக் கூடாது.

நம்மிடம் இல்லாதது ஏதோ ஐரோப்பாவில் இருக்கிறது என்று எண்ணி இதை எழுதவில்லை. பிரஸ்ஸல்ஸில் ரோட்டர் என்ற கூட்டுறவு நிறுவனம் இடிக்கும் கட்டடங்களிலிருந்து ஓடு, கதவு, விளக்கு, கைப்பிடி எல்லாவற்றையும் கழற்றி எடுத்து விற்கிறது. பழைய தரை ஓட்டின் பின்னால் ஒட்டியிருக்கும் சிமெண்டை அமிலத் தொட்டியில் ஊறவைத்து நீக்கும் முறையை அவர்கள் விளக்கியபோது வகுப்பே வியந்தது. எனக்கு நம் ஊரில் பர்மா தேக்கு வாசக்காலையும் பழைய ஜன்னலையும் விற்கும் கடைகள் ஞாபகம் வந்தன. புதுப்பேட்டையில் காரின் எந்த உதிரிப் பாகத்தையும் கழற்றி, துடைத்து, திரும்ப ஓட விடுகிறார்கள். ரிச்சி தெருவில் உலகமே தூக்கிப்போடும் சர்க்யூட் போர்டுக்கு உயிர் கொடுக்கிறார்கள். அங்கே மானியம் கொடுத்து வளர்ப்பதை இங்கே நெரிசல் என்று சொல்லி அப்புறப்படுத்தப் பேசுகிறோம். பிரஸ்ஸல்ஸின் ஹெய்வார்ட் தெருவில் மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் பழைய கார் ஏற்றுமதி செய்யும் வியாபாரத்தைப் பற்றியும் இதே மாதிரிப் பேச்சு வருடக்கணக்கில் நடக்கிறது. அவர்களும் முடிவுக்கு வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அதோடு, கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் நகரத்தின் கழிவுநீரை மூன்றாம் நிலை வரை சுத்திகரித்து ஒவ்வொன்றிலிருந்தும் நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டரைத் தொழிற்சாலைகளுக்குக் கொடுக்கும் வசதியை 2019 வாக்கிலேயே அமைத்துவிட்டோம். நான் இதை வகுப்பில் சொன்னபோது பலர் நம்பவில்லை. படத்தைக் காட்ட வேண்டியிருந்தது. வியன்னா வேஃபர் அடுப்பின் சூட்டைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கிறது என்றால், சென்னை தன் வீடுகளின் கழிவுநீரைத் தொழிலுக்குக் கொடுக்கிறது. கோயம்பேட்டுத் தண்ணீர் ஒரகடம் வரை குழாயில் போகிறது. வழியில் இருக்கும் சிறு பட்டறைகளுக்கும், அம்பத்தூர் பிளேட்டிங், வாஷிங் யூனிட்டுகளுக்கும் ஒரு கிளைக் குழாய் கொடுத்தால் எவ்வளவு நிலத்தடி நீர் மிஞ்சும்! நகரத்துக்குள் தொழில் இருந்தால்தான் அந்தக் கிளைக் குழாய்க்கு அர்த்தம் உண்டு.

அப்படியானால் திட்டத்தில் என்ன எழுத வேண்டும்? முதலில், தொழில் நிலத்தை வீடாகவோ அலுவலகமாகவோ மாற்றக் கேட்டு வரும் நிலப்பயன் மாற்ற விண்ணப்பங்கள். இவைதான் ஓட்டை. 2008க்குப் பிறகு எந்தெந்தத் தொழில் மனைகள் இப்படி மாறின என்று சர்வே எண்ணோடு ஒரு வரைபடம் வெளியிடுங்கள். எவ்வளவு இழந்தோம் என்று தெரியாமல் எவ்வளவு காக்க வேண்டும் என்று முடிவு செய்ய முடியாது. இனி மாற்றம் கொடுத்தால், அதே அளவு தொழில் தளப்பரப்பை அதே மனையில், பட்டறைக்குப் பயன்படும் உயரத்திலும் அகலத்திலும் கட்டித் தர வேண்டும் என்று விதி செய்யுங்கள். ‘கீழ்த்தளம் உற்பத்திக்கு’ என்று பொதுவாக எழுதினால் போதாது, பிரஸ்ஸல்ஸ் அனுபவம் அதைத்தான் சொல்கிறது. கூரை உயரம், தரை தாங்கும் பாரம், லாரி வாசல், சரக்கு லிஃப்ட், மின் இணைப்பு எல்லாம் எண்ணாக விதியில் இருக்க வேண்டும். மேலே வீடு வாங்குபவரின் பத்திரத்தில் கீழே பட்டறை இருக்கும் என்று எழுத வேண்டும். இல்லையென்றால் குடிவந்த மறுநாளே சத்தம் என்று புகார் வரும், பட்டறைதான் மூட வேண்டியிருக்கும். கூடுதல் எஃப்.எஸ்.ஐ. (மனையின் பரப்புக்கு எத்தனை மடங்கு தளப்பரப்பு கட்டலாம் என்ற அளவு) கொடுப்பதாக இருந்தால் மாடிப் பட்டறைகளுக்குக் கொடுங்கள். தொழிற்பேட்டைகளை அமைக்கும் அரசு நிறுவனமான சிட்கோவோடு பேசி, கைக்கு வரும் மனைகளையாவது விற்காமல் நீண்ட காலக் குத்தகைக்கு விட வழி செய்யுங்கள். இது உங்கள் அதிகாரத்துக்கு வெளியே இருக்கலாம்; ஆனால் நீங்கள் கேட்டால் அரசு காது கொடுக்கும்.

இன்னொன்று. நகரத்தின் கார்பன் கணக்கை எடுக்கும்போது கோபன்ஹேகன் இலக்கு விட்டதை விடாதீர்கள். ஒரு பட்டறை அம்பத்தூரிலிருந்து திருமழிசைக்குப் போனால் சென்னையின் கணக்கில் அது குறைவு என்று காட்டக் கூடாது. லாரியின் டீசலும், வேலைக்கு இரண்டு பஸ் மாறிப் போகும் பெண்ணின் நேரமும் அந்தக் கணக்கில் வர வேண்டும்.

வரைவுத் திட்டம் தயாரானதும் கருத்துக் கேட்புக் கூட்டங்கள் வைப்பீர்கள். அவற்றில் ஒன்றையாவது அம்பத்தூர்த் தொழிற்பேட்டைக்குள்ளேயே, வேலை நாளில், ஷிஃப்ட் முடிந்த பிறகு மாலை ஆறரை மணிக்கு வையுங்கள். வரைபடத்தைத் தமிழில், தெருப் பெயர்கள் தெரியும் அளவுக்குப் பெரிதாக ஒட்டுங்கள். காலை பதினோரு மணிக்கு எழும்பூரில் வைத்தால் பட்டறை முதலாளியாலும் வர முடியாது, அவரிடம் வேலை செய்பவராலும் வர முடியாது. கூட்டத்துக்கு முன்பு அந்தத் தெருக்களை நடந்து பார்க்க உங்கள் அலுவலர்கள் விரும்பினால், அளவு நாடாவோடு நானும் வருகிறேன். கூட வர எங்கள் தெருவில் நிறையப் பேர் தயாராக இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
அம்பத்தூரிலிருந்து ஒரு நகரியல் மாணவி